ஆணி அடிப்பதற்கு முன்: பெங்களூரு அலுவலகத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் இதமாக்குவது எப்படி

கோரமங்களாவிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ ஒரு மாடி, இருபது பேர் உட்காரும் இடம். "ஆபீஸ் கொஞ்சம் களையா இருக்கணும், நீங்களே பாத்துக்கோங்க" என்று ஒருநாள் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஆன்லைனில் பத்து போஸ்டர், ஒரு பிளாஸ்டிக் புல் சுவர், இரண்டு பீன் பேக் வந்து இறங்கும். மூன்று மாதத்தில் புல் சுவரில் தூசி படிந்திருக்கும், பீன் பேக்கில் கூரியர் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும், ஆட்கள் தலைவலி என்று சொல்லி அதே பால்கனிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

காரணம் வரிசை தப்பியதுதான். கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குக் கீழே எவ்வளவு நல்ல ஓவியத்தை மாட்டினாலும் அது எடுபடாது. முதலில் தொந்தரவை எடுக்க வேண்டும், அழகு அதற்குப் பிறகு. கீழே உள்ள வேலைகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. 1,200 சதுர அடி, 20 பேர் என்பதைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம்: எதுவும் வாங்க வேண்டாம்

ஓர் ஏ3 தாளில் அலுவலகத்தின் தரைப்படத்தைக் கையால் வரையுங்கள். ஜன்னல்கள் எந்தத் திசை, ஏசி காற்று எங்கே இறங்குகிறது, சுவிட்ச்போர்டு எங்கெங்கே, எந்தச் சுவர் மழைபடும் வெளிச்சுவர் என்பதையெல்லாம் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டிய படங்கள்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

பிறகு வெளிச்சத்தை அளங்கள். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டுவது) போட்டு, ஒவ்வொரு மேசையிலும் கீபோர்டு இருக்கும் இடத்தில் காலை 10, மாலை 3, இரவு 7 என மூன்று முறை குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் எந்த மேசை இருட்டு, எது கூசுகிறது என்று ஒப்பிட அது போதும். சரியான எண் வேண்டுமென்றால் மின்னணுப் பொருள் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் கையடக்க லக்ஸ் மீட்டரே கிடைக்கும்.

அடுத்தது கைதட்டல். ஒவ்வொரு கேபினிலும் நடுவில் நின்று ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். தட்டிய ஓசை சட்டென்று அடங்கினால் பிரச்சினை இல்லை. 'ட்ர்ர்ரிங்' என்று சுவருக்குச் சுவர் தாவினால் அந்த அறையில் வீடியோ கால் பேசுகிறவருக்கு மாலைக்குள் தொண்டையும் காதும் களைத்துப்போகும்.

கடைசியாக, எல்லோரிடமும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: "ஒரு நாளில் எந்த நேரத்தில், எந்த இடத்தை விட்டு எழுந்து போகத் தோன்றுகிறது?" என்ன படம் பிடிக்கும் என்று இப்போதே கேட்காதீர்கள். முதல் கேள்விக்கு வரும் பதில்கள்தான் வேலைப் பட்டியல்: ஏசி நேராக உச்சந்தலையில் இறங்குகிறது, மதியம் மேற்கு ஜன்னல் வெயில் திரையில் விழுகிறது, பக்கத்து கேபின் பேச்சு முழுக்கக் கேட்கிறது.

இதே வாரத்தில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சுவரில் துளை போடலாமா, பெயின்ட் நிறத்தை மாற்றலாமா, காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த ஊரில் பல மாத வாடகை டெபாசிட்டாக ஓனரிடம் முடங்கிக் கிடக்கிறது. நாற்பது துளைக்கு அவர் எவ்வளவு கழிப்பார் என்பதைக் காலி செய்யும் நாளில் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பணத்தைப் பிரிப்பதற்கு எங்கள் கணக்கு: கையில் பத்து ரூபாய் இருந்தால் வெளிச்சத்துக்கு மூன்று, ஓசைக்கு மூன்று, படங்களுக்கு இரண்டு, பெயின்ட்டுக்கு ஒன்று, செடிக்கும் மற்ற சில்லறைக்கும் ஒன்று. படங்களுக்கு இரண்டுதானா என்று தோன்றும். முதல் ஆறு ரூபாய் சரியாகச் செலவானால் அந்த இரண்டு ரூபாய் படம் நான்கு ரூபாய்க்குத் தெரியும்.

வெளிச்சம்

கணினி வேலைக்கு மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் போதும். காகிதம் படித்துத் திருத்துபவருக்கு 500. நம் அலுவலகங்களில் வெளிச்சம் குறைவு என்ற புகாரைவிட, இருப்பது தப்பான இடத்தில் இருக்கிறது என்ற புகாரே அதிகம். மானிட்டருக்கு நேர் மேலே இருக்கும் 2×2 அடி பேனல் லைட் திரையில் பளபளக்கும். பேனலை இரண்டு மேசை வரிசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதைக்கு மேல் நகர்த்துவது எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. மேசைகளை ஜன்னலுக்குச் செங்குத்தாகத் திருப்புங்கள், வெளிச்சம் தோள் பக்கமாக வரட்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், ஜன்னலுக்கு முதுகு காட்டினால் திரையில் ஜன்னலே தெரியும்.

நிற வெப்பநிலையில்தான், அதாவது வெளிச்சம் மஞ்சளா நீலவெள்ளையா என்று கெல்வின் எண்ணில் சொல்வதில்தான், எல்லோரும் சறுக்குவது. கடையில் "வெள்ளை லைட்" என்று கேட்டால் 6500 கெல்வின் நீலவெள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். மருந்துக்கடைக்கு அது சரி, எட்டு மணி நேரம் உட்காருபவருக்குச் சரியில்லை. வேலை செய்யும் இடத்துக்கு 4000, வரவேற்பு, பேன்ட்ரி, ஓய்வு மூலைக்கு 2700 முதல் 3000. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "அண்ணா, நேச்சுரல் ஒயிட், நாலாயிரம் கெல்வின், சி.ஆர்.ஐ. 80-க்கு மேல" என்றால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். சி.ஆர்.ஐ. என்பது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண். படங்கள் மாட்டும் இடத்து ஸ்பாட் லைட்டுக்கு மட்டும் சி.ஆர்.ஐ. 90. அது குறைந்தால் சிவப்பு மங்கும், தோல் நிறம் நோயாளி போலத் தெரியும். மொத்தத்தையும் ஒரே கம்பெனி, ஒரே தொகுதியில் வாங்கி, இரண்டைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டு வேறு கம்பெனி வந்தால் கூரையில் சொத்தைப் பல் மாதிரி தனித்துத் தெரியும்.

இன்னொரு சோதனை காசில்லாமல் செய்யலாம். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ விளக்கு துடித்தாலோ, விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் மலிவானது என்று பொருள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அந்தத் துடிப்பு நொடிக்கு 100 முறை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு மாலை தலைவலியாக வரும். விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டாம், டிரைவரை மட்டும் மாற்றினால் பல பேனல்கள் சரியாகிவிடும்.

மேற்கு, தெற்கு ஜன்னல்களுக்கு ரோலர் பிளைண்ட் போடும்போது முழு இருட்டுத் துணி வேண்டாம். 3 முதல் 5 சதவீதம் வெளித்தெரியும் வலைத்துணி போதும். வெயில் குறையும், வெளியே மரம் இருந்தால் அதுவும் தெரியும். அந்த மரம் சும்மா அழகுக்கு அல்ல. 1984-இல் ரோஜர் உல்ரிச் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளை ஒப்பிட்டது. ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கைக்காரர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அலுவலகம் மருத்துவமனை இல்லைதான். இருந்தாலும் கப்பன் பார்க் பக்கத்து மழைமரம் தெரியும் ஜன்னலுக்கு முன்னால் பைல் அலமாரி நிறுத்தியிருந்தால் அதை முதலில் நகர்த்துங்கள். அதற்குச் செலவு இல்லை.

ஓசை

இங்கே குழப்பம் அதிகம், பணமும் இங்கேதான் வீணாகிறது. வெளியிலிருந்து வரும் சத்தம் ஒன்று, உள்ளே பேசியது சுவரில் பட்டுத் திரும்புவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. சுவரில் ஒட்டும் மென்மையான பேனல் எதிரொலியைக் குறைக்கும், அவுட்டர் ரிங் ரோட்டு ஹாரனை நிறுத்தாது. ஹாரன் ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக வருகிறது. ஸ்லைடிங் அலுமினிய ஜன்னலில் தேய்ந்துபோன பிரஷ் பட்டையை மாற்றுங்கள், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் அடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். கேபின் பேச்சு வெளியே கேட்பதற்கும் பெரும்பாலும் கண்ணாடி காரணம் இல்லை. கதவுக்கு அடியில் உள்ள முக்கால் அங்குல இடைவெளியும், ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்ட தடுப்புச் சுவரும்தான். சீலிங் பலகை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். மேலே பக்கத்து அறை வரை வெளி திறந்து கிடந்தால், அங்கே தடுப்பு போடாமல் பேனல் ஒட்டுவது வீண்.

எதிரொலிக்கு வருவோம். 10×12 அடி, 9 அடி உயர கேபினுக்கு நான்கு சுவரும் சேர்ந்து 396 சதுர அடி. அதில் 15 முதல் 20 சதவீதம், அதாவது 60 முதல் 80 சதுர அடி உறிஞ்சும் பரப்பு வேண்டும். 2×4 அடி பேனல் 8 சதுர அடி, எனவே எட்டிலிருந்து பத்து. கண்ணாடிச் சுவர்கள் அதிகம் என்றால் மூன்று நான்கைக் கூரைக்கு அனுப்புங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டில் ஒன்றிலாவது போட வேண்டும், உட்கார்ந்தவரின் காது உயரத்தில், தரையிலிருந்து 3 அடிக்கும் 7 அடிக்கும் நடுவே. அழகாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கூரை ஓரத்தில் வரிசையாக ஒட்டினால் கைதட்டல் அப்படியே ஒலிக்கும்.

சந்தையில் சுலபமாகக் கிடைப்பது 9 மி.மீ. பாலியஸ்டர் அட்டை. அதைச் சுவரோடு ஒட்டினால் கூர்மையான சத்தம் மட்டும் அடங்கும். பேச்சின் கனத்த பகுதி அப்படியே நிற்கும். கார்பெண்டரிடம் சொல்லி 50 மி.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, அதன்மேல் பொருத்துங்கள். பின்னால் உள்ள காற்றிடைவெளிதான் வேலை செய்கிறது. செலவு சற்றுத்தான் கூடும், வித்தியாசம் காதுக்கே தெரியும்.

படத்தையே ஒலிப் பேனலாக்க ஆசைப்படுபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைக்கு மேல் கேன்வாஸ் பிரிண்டை இழுத்துக் கட்டுவார்கள். கேன்வாஸில் பூச்சு இருக்கிறது, காற்று போகாது, சத்தமும் உள்ளே போகாது. துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் மட்டுமே அது இதற்கு உதவும். மெல்லிய பாலியஸ்டர் துணியில் அச்சடித்தவை தேறும். கைத்தறிப் பருத்தி தேறும். பவானி ஜமக்காளத்தைச் சுவரில் விரித்து ஒட்டினால் அது வெறும் அலங்காரம். அதையே மரக்கம்பில் மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டால் கொஞ்சம் ஓசையும் உறிஞ்சும், வரவேற்பறைக்கு ஒரு முகமும் கிடைக்கும். பருத்தி என்பதால் தீத்தடுப்பு பூச்சு கொடுத்து மாட்டுவது நல்லது. முட்டை அட்டை வடிவப் பஞ்சை மட்டும் வாங்காதீர்கள். சாதாரண பாலியூரித்தேன் பஞ்சு தீ பிடித்தால் வேகமாக எரியும், புகையும் நச்சு. எந்தப் பேனல் வாங்கினாலும் தீச்சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், ஸ்பிரிங்க்ளரையும் புகை உணரியையும் மறைக்காதீர்கள்.

நீரூற்று வைத்தால் சத்தம் மறையும் என்று யாராவது சொல்வார்கள். மோட்டார் முனகும், கொசு வரும். விட்டுவிடுங்கள்.

வண்ணம்

நீலம் அமைதி, மஞ்சள் உற்சாகம் என்ற அட்டவணைகளை நம்பி டப்பா வாங்க வேண்டாம். எந்த நிறம் என்பதைவிட அது எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் ஆளைத் தொடுகிறது. அடர்ந்த நீலச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு அமைதி வராது, இருட்டு வரும். பெயின்ட் அட்டையின் பின்புறத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருந்தால் அதைப் பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அது. வேலை செய்யும் சுவர்களுக்கு 60-க்கு மேல், கூரைக்கு 80-க்கு மேல். கண்ணுக்கு நேரே மேட் பூச்சு, கைபடும் நடைவழிக்குக் கழுவக்கூடிய சாட்டின். ஆசைப்பட்ட அடர்நிறத்தைப் பேன்ட்ரிக்கோ நடைவழிக்கோ கொடுங்கள், அங்கே யாரும் எட்டு மணி நேரம் நிற்பதில்லை.

கடையில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு பூச்சு அடித்து, அதைச் சுவருக்குச் சுவர் நகர்த்தி, காலையிலும் மாலையிலும் விளக்கிலும் பாருங்கள். புது விளக்குகள் போட்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய விளக்குக்கு நிறம் தேர்ந்தெடுத்தவர் ஆவீர்கள். வெள்ளி மாலை தொடங்கி, குறைந்த வி.ஓ.சி. (காற்றில் ஆவியாகும் ரசாயனம்) பெயின்ட்டே ஆனாலும் ஜன்னல்களைத் திறந்து வைத்து ஞாயிறு முழுக்கக் காயவிடுங்கள். இந்த ஊரின் காற்று அதற்காகவே இருக்கிறது.

படம்: யார் தேர்ந்தெடுப்பது?

2010-இல் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. ஒன்றுமில்லாத மொட்டை அறை, படமும் செடியும் வைத்த அறை, அதே படத்தையும் செடியையும் உட்காருபவரே விருப்பம்போல அடுக்கிய அறை என்று பிரித்துப் பார்த்தார்கள். மொட்டை அறையைவிட அலங்கரித்த அறையில் வேலை நன்றாக நடந்தது. தானே அடுக்கிய அறையில் இன்னும் நன்றாக நடந்தது. நான்காவது குழு ஒன்று உண்டு. அவர்களை அடுக்கச் சொல்லிவிட்டு, ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். கிடைத்த லாபம் போய்விட்டது.

நடைமுறையில் இதன் பொருள்: கருத்து கேட்டுவிட்டு எம்.டி. தனக்குப் பிடித்ததை மாட்டுவதைவிட, கேட்காமலே இருப்பது மேல். அவருக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள உரிமையை முன்னாலேயே செலவழித்துவிடுங்கள். பட்ஜெட்டுக்குள் பன்னிரண்டு படங்களை அவர்கள் வடிகட்டட்டும். அதிலிருந்து ஐந்தை, அந்தந்தச் சுவருக்கு எதிரே உட்காருபவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். முடிவு வந்த பிறகு யாரும் கை வைக்கக் கூடாது.

எதை மாட்டலாம்? தூரம் தெரியும் நிலக்காட்சி, மரம், நீர், வானம் ஆகியவை பெரும்பாலும் யாரையும் உறுத்துவதில்லை. நாள் முழுக்க இரண்டடித் தூரத்தில் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு, போய் நிற்க ஒரு தொலைவு வேண்டும். தமிழும் கன்னடமும் கலந்த குழுவுக்கு ஒகேனக்கல் அருவி நல்ல தேர்வு, இரண்டு கரையிலும் அது சொந்த ஊர். சாமி படத்துக்கு ஓர் அலமாரி மூலை ஒதுக்குங்கள், ஆயுத பூஜைக்கும் அது உதவும். பொதுச்சுவரில் வேண்டாம். ஆங்கிலத்தில் ஊக்கம் ஊட்டும் வாசகங்களும் வேண்டாம். இரண்டாம் நாளே யாரும் படிப்பதில்லை, ஆள் குறைப்பு நடந்த மாதத்தில் அவை கிண்டலாகத் தெரியும்.

அளவில் எல்லோரும் செய்யும் தவறு சிறிதாக வாங்குவது. எட்டு அடி காலிச்சுவரில் ஒன்றரை அடிப் படம் தபால்தலை ஒட்டியது போலிருக்கும். சுவரின் காலி அகலத்தில் பாதிக்கு மேல், முக்காலுக்குள் படமோ படக்கூட்டமோ அடைக்க வேண்டும். எட்டடிக்கு ஐந்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்கு மேல் என்றால் சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதன் முதுகிலிருந்து 15 முதல் 20 செ.மீ. மேலே.

வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போய்வாருங்கள். படத்தைவிட, எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், விளக்கு எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். திங்கள்கிழமை விடுமுறை. வாங்க நல்ல இடம், ஆண்டுதோறும் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தை, வழக்கமாக ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஓவியர்களே சாலையோரம் உட்கார்ந்து விற்பார்கள், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். காலையில் கூட்டம் சேரும் முன் போங்கள். சுவர் அளவு எழுதிய தாள், அளவு நாடா, சுவர் நிறத்தில் ஒரு பெயின்ட் துண்டு ஆகியவை கையில் இருக்கட்டும். வாங்கியதும் ஊடகம், ஆண்டு, ஓவியர் கையெழுத்து மூன்றும் ரசீதில் வருமாறு கேட்டு வாங்குங்கள். கணக்குப் பிரிவுக்கு அது வேண்டும்.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து அச்சடிப்பது திருட்டுதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. இருப்பவரின் ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும் பிரதி எடுக்கும் உரிமை கூடவே வராது, எழுத்தில் தனியாகக் கேட்க வேண்டும். சொந்தப் புகைப்படத்தை அச்சடிக்கிறீர்கள் என்றால், 3×2 அடிக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் 5400×3600 பிக்சல் தேவை. வாட்ஸ்ஆப்பில் வந்த கோப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. மூலக்கோப்பைக் கேளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தை மீட்டிங் அறையில் மாட்டாதீர்கள். தங்கத் தகடும் கல்லும் வெள்ளை விளக்கில் மின்னி, கேமராவைக் குழப்பும். வரவேற்பறையில் 3000 கெல்வின் விளக்கில் அதன் அழகே வேறு. ஏசி காற்றுபடும் இடமும் கழிவறைக்கு மறுபக்கச் சுவரும் அதற்கு ஆகாது, பலகை வளைந்து பூச்சு விடும். இயற்கைச் சாயம் போட்ட கருப்பூர் கலம்காரியை நேர் வெயிலில் வைக்காதீர்கள். காகித ஓவியத்துக்கும் அதே விதிதான். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ்தான் கொடுப்பார்கள், நம் அலுவலகத்தில் அதைப்போல ஆறு மடங்கு இருக்கிறது. யு.வி. தடுக்கும் கண்ணாடி போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிழலான சுவருக்கு மாற்றுங்கள். சட்டம் போடுகிறவரிடம் அமிலமில்லாத மவுண்ட் அட்டை கேளுங்கள். காகிதம் கண்ணாடியைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுத்தால் வண்ணமும் கூட வரும்.

மாட்டுவது

1. படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அந்த இரண்டு நாளில் வரும் விமர்சனத்துக்கு ஆணி செலவு இல்லை.

2. நின்று பார்க்கும் இடத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. மீட்டிங் அறையில் எல்லோரும் உட்கார்ந்தே பார்ப்பதால் 125 முதல் 130. உயரமானவர் கையில் டிரில் இருந்தால் படம் எப்போதும் அரையடி மேலேதான் போகும், நாடா வைத்து அளங்கள்.

3. ஆணியின் உயரம்: நடு உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அது எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். சட்டம் 60 செ.மீ., கம்பி 8 செ.மீ. கீழே என்றால் 148 + 30 − 8 = 170 செ.மீ. சட்டத்துக்கு ஒரு ஆணி போதாது, இரண்டு அடித்தால் துடைக்கும்போது சாயாது.

4. சுவர் என்ன என்று முதலில் தட்டிப் பாருங்கள். கான்கிரீட் பிளாக்குக்கு ஹேமர் டிரில், 6 மி.மீ. பிட், நைலான் பிளக். புதுக் கட்டடங்களில் உள்ள இலேசான ஏ.ஏ.சி. (காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட்) கல்லில் ஹேமரை அணைத்துவிட்டு மெதுவாகத் துளையிட்டு, அதற்கென்றே விற்கும் நீளமான பிளக் போடுங்கள். சாதாரண பிளக் சில வாரத்தில் பொலபொலவென்று கழன்று வரும். ஜிப்சம் தடுப்பில் டாகிள் போல்ட் (உள்ளே போய் விரிந்து பிடிப்பது), அல்லது உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தில் திருகு. ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் இழுத்தால் திருகுகள் இருக்கும் இடம் தெரியும். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை கூடாது, வயர் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

5. சட்டத்தின் கீழ்முனைகள் இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டுங்கள். பின்னால் காற்று ஓடும், பூஞ்சை வராது, சுவரில் கறுப்புக்கோடும் விழாது.

துளை கூடாது என்று ஓனர் சொல்லியிருந்தால் ஒட்டும் பட்டை இருக்கிறது. பாக்கெட்டில் போட்ட எடையில் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். டிஸ்டெம்பர் சுவரிலும் சொரசொரப்பான சுவரிலும் அது நிற்காது, புதுப் பெயின்ட் என்றால் ஒரு வாரம் கழித்தே ஒட்ட வேண்டும். பெரிய படங்களுக்கு, ஓனர் சம்மதித்தால், நான்கு அங்குல ஆழமுள்ள படத்தட்டு (படத்தைச் சாய்த்து வைக்கும் பலகை) நல்லது. இரண்டே இடத்தில் துளை, படங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஸ்பாட் லைட்டைச் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் விழச் செய்யுங்கள். கூரை 270 செ.மீ., படத்தின் நடு 150 செ.மீ. என்றால் விளக்கு சுவரிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. தள்ளி வரும். அருகே வந்தால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும், தள்ளிப் போனால் கண்ணாடியில் விளக்கே தெரியும், எதிரே இருப்பவர் மானிட்டரிலும் விழும். வீடியோ காலில் முதுகுக்குப் பின்னால் வரும் சுவருக்குக் கண்ணாடி போடாத படம், நெருக்கமான கோடுகள் இல்லாத படம். மெல்லிய கோடுகள் கேமராவில் நெளியும்.

செடி

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்பவர் சொல்வார். அந்தப் பேச்சு 1989-இல் நாசா மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து வந்தது. திறந்து மூடும் கதவுகள் உள்ள அலுவலகத்துக்கு அது பொருந்தாது, காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே வழி. செடியைக் கண்ணுக்காக வையுங்கள்.

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் மூன்று வகை போதும்: ஜன்னலிலிருந்து தள்ளிய மூலைக்கு ஜீஜீ (ZZ பிளான்ட்), நடுத்தர வெளிச்சத்துக்கு மணி பிளான்ட், ஜன்னலோரத்துக்கு மருள் (ஸ்னேக் பிளான்ட்). பத்துச் சிறு தொட்டிகளைவிட நான்கு பெரிய தொட்டி நன்றாகத் தெரியும், பராமரிப்பும் குறைவு. அலுவலகச் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, ஆளாளுக்கு ஊற்றுவதால் சாகின்றன. ஒருவரை மட்டும் நியமியுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். ஜீஜீக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். போர்வெல் தண்ணீரின் உப்பால் இலைநுனி கருகினால், காவிரி நீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கட்டாயம் கொட்ட வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஓய்வு மூலைக்கு 6×8 அடி போதும்: சாய்ந்து உட்கார இரண்டு நாற்காலி, ஒரு 2700 கெல்வின் நிலைவிளக்கு, பத்தமடைப் பாய் ஒன்று, திரை எதுவும் இல்லை. பேன்ட்ரிக்கும் பிரிண்டருக்கும் பக்கத்தில் வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள். முதலாளி அறைக் கண்ணாடிக்கு நேரே வைத்தால் நிச்சயமாக உட்கார மாட்டார்கள்.

கடைசியில் செய்ய வேண்டியவை இரண்டு. ஆயுத பூஜைத் தோரணத்துக்கும் நவம்பர் 1 ராஜ்யோத்சவக் கொடிக்கும் வாசல் நிலையிலும் தூண்களிலும் இப்போதே சிறு கொக்கிகள் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வாரத்தில் செலோ டேப் புதுப் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரும். ஆறு வாரம் கழித்து அதே துண்டுச்சீட்டு, அதே கேள்வி, அதே மேசைகளில் லக்ஸ், அதே கேபினில் கைதட்டல். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கின் கெல்வின் எண், பெயின்ட் குறியீடு, பேனல் வாங்கிய கடை மூன்றையும் அதே தாளின் பின்பக்கம் எழுதி, சுவிட்ச்போர்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவர் முதலில் திறக்கும் கதவு அதுதான்.